இல்லாத டிரைவுக்காக இருப்பதை அழிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கணினியில் திடீரென்று முளைக்கும் அடையாளம் தெரியாத டிரைவ்களைப் பற்றியும், அவற்றைக் காரணம் காட்டி நம் சேலத்திலுள்ள சில சர்வீஸ் கடைகளில் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் ஃபார்மேட் செய்து கொடுத்துவிடும் வழக்கத்தைப் பற்றியும் தங்கள் நாளிதழின் வழியாக வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நான் அஸ்தம்பட்டியில் வசிப்பவன். அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஏற்காட்டில் உள்ள உறவினர் வீடுகளிலும் கணினியில் சிக்கல் வந்தால் என்னைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். அண்மைக் காலமாக அந்த அழைப்புகளில் பெரும்பங்கு இந்த ஒரே பிரச்சினையைப் பற்றியதாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதையொட்டிப் பலர் பழைய கணினியில் புதிதாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதிய வகை வட்டு) பொருத்துகிறார்கள். சிலர் வேறு கணினி வாங்கிக்கொண்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தனியே கழற்றி யுஎஸ்பி பெட்டிக்குள் வைத்து இணைத்துக்கொள்கிறார்கள். வட்டுகள் இப்படி இடம் மாறும்போது, அதுவரை சி, டி என்று இரண்டே டிரைவ்கள் இருந்த திரையில் இ, எஃப், ஜி, எச் என்று நான்கைந்து வந்து நிற்கின்றன. ஒன்றைத் திறந்தால் வட்டைச் செருகுங்கள் என்கிறது. இன்னொன்று அனுமதி இல்லை என்கிறது. மற்றொன்று பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மேட் செய்ய வேண்டும் என்கிறது. வைரஸ் புகுந்துவிட்டது என்று வீட்டார் பயந்துபோய்க் கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்கிறார்கள். "ஃபார்மேட் போட்டாத்தான் சார் சரியாகும்" என்று கடைக்காரர் சொன்னதும் சரி என்று தலையசைத்துவிட்டு வருகிறார்கள்.

அம்மாப்பேட்டையில் எனக்குத் தெரிந்த நெசவாளர் குடும்பம் ஒன்று, பட்டுச் சேலைகளுக்காகப் பல ஆண்டுகளாகக் கணினியில் வரைந்து சேர்த்துவைத்திருந்த ஜக்கார்டு வடிவங்களை இந்த முறையில்தான் இழந்தது. கரை, முந்தானை, புட்டா என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்த கோப்புகள் டி டிரைவில் இருந்தன. கடையில் சி டிரைவோடு டி-யையும் சேர்த்தே அழித்துவிட்டார்கள். அந்தக் கணினியில் உண்மையில் இருந்த குறை என்னவென்றால், முன்பக்கத்தில் மெமரி கார்டு செருகுவதற்காகப் புதிதாகப் பொருத்திய கார்டு ரீடரில் நான்கு காலித் துளைகள் இருந்தன. ஒவ்வொரு துளைக்கும் விண்டோஸ் ஓர் எழுத்தைக் கொடுத்திருந்தது. அதைக் குறை என்று சொல்வதுகூடப் பொருந்தாது, ஏனெனில் எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தன.

ஆகவே நான் அழுத்திச் சொல்ல வந்தது ஒன்றே: டிரைவ் எழுத்தை நீக்குவது ஒரு வேலை, வட்டை அழிப்பது முற்றிலும் வேறு வேலை. முன்னதற்காகப் பின்னதைச் செய்ய வேண்டிய தேவை ஒருபோதும் எழுவதில்லை.

இது ஏன் என்று விளங்க, அந்த எழுத்து என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1981இல் ஐபிஎம் நிறுவனம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அதில் ஹார்ட் டிஸ்க் இல்லை. ஃபிளாப்பி டிரைவ்களுக்கு ஏ, பி என்ற எழுத்துகள் வழங்கின. 1983இல் வந்த எக்ஸ்டி என்ற மாதிரியில் ஹார்ட் டிஸ்க் சேர்ந்தபோது அதற்குச் சி கிடைத்தது. ஃபிளாப்பி மறைந்து இத்தனை காலமான பிறகும் நம் கணினிகளில் முதல் டிரைவ் சி என்றே தொடங்குவதற்குக் காரணம் அதுதான். இந்த எழுத்து வட்டின் உள்ளே எழுதப்பட்டிருப்பதில்லை. நம் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண் என்றும் புதிய எண் என்றும் இரண்டு எண்கள் இருப்பதைப் பார்க்கிறோம். பலகையை மாற்றினால் வீட்டுக்குள் ஒரு பாத்திரமும் இடம் மாறுவதில்லை. டிரைவ் எழுத்தும் அத்தகைய பலகைதான். எந்தப் பலகை எந்த வீட்டுக்கு என்ற கணக்கை விண்டோஸ் 2000 முதற்கொண்டு மவுண்ட் மேனேஜர் என்ற உட்பிரிவு பார்த்துக்கொள்கிறது. விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மவுண்டட் டிவைசஸ் என்ற இடத்தில் அதை எழுதியும் வைக்கிறது. ஒரே வட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்துக் கொடுக்கலாம். வட்டின் அடையாள எண், வட்டுக்குள் அந்தப் பகுதி தொடங்கும் இடம் போன்ற விவரங்களைக் கொண்டு, முன்பு வந்த வட்டு மீண்டும் வந்தால் அது அடையாளம் கண்டு பழைய எழுத்தையே கொடுக்க முயல்கிறது. அந்த எழுத்தை இதற்கிடையில் வேறொன்று எடுத்துக்கொண்டிருந்தால் புதிய எழுத்தைக் கொடுக்கிறது. நேற்று இ என்று வந்த பென் டிரைவ் இன்று ஜி என்று வருவதன் காரணம் இவ்வளவே.

அடையாளம் தெரியாத எழுத்து தோன்றினால் முதலில் பார்க்க வேண்டிய இடம், விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவி. விண்டோஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு எக்ஸ் பொத்தானைத் தட்டினால் வரும் பட்டியலிலேயே அது இருக்கிறது. அதன் மேற்பாதியில் டிரைவ்களின் பட்டியலும், கீழ்ப்பாதியில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வட்டு வட்டாகப் பிரித்த படமும் தெரியும். பெரும்பாலானோர் மேற்பாதியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். விடை இருப்பதோ கீழ்ப்பாதியில். எந்த எழுத்து எந்த வட்டின் எந்தப் பகுதிக்கு உரியது, அதன் அளவு என்ன, அது எதற்கான பகுதி என்பதெல்லாம் அங்கே கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். வட்டை அளவைக் கொண்டு அடையாளம் காணும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: 1 டெராபைட் என்று வாங்கிய வட்டு அங்கே 931 ஜிபி என்று தெரிவது இயல்பு. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிட, விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு அது. மீதியை யாரும் எடுத்துவிடவில்லை.

கோப்புகளைத் திறந்து பார்க்கும் எக்ஸ்புளோரரில் தெரிகின்ற ஓர் எழுத்து டிஸ்க் மேனேஜ்மென்டில் எங்குமே இல்லை என்றால், அது அநேகமாக வட்டே அல்ல. ஏதோ ஒரு மென்பொருளோ நெட்வொர்க்கோ உண்டாக்கியது. கூகுள் டிரைவ் மென்பொருளை நிறுவினால் ஜி என்ற எழுத்தில் ஒரு டிரைவ் தோன்றுவது இந்த வகை. ஆபீஸ் 2010-இன் கிளிக் டு ரன் பதிப்பு வந்த பழைய மடிக்கணினிகளில் க்யூ என்று ஒரு டிரைவ் நின்றுகொண்டு, திறந்தால் அனுமதி மறுக்கும். அதுவும் அந்த மென்பொருள் தனக்காக ஏற்படுத்திக்கொண்ட இடமே. ஆடிட்டர் அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் சர்வரின் ஒரு ஃபோல்டருக்கு இசட் என்றோ ஒய் என்றோ எழுத்துக் கொடுத்திருப்பார்கள். அந்த மடிக்கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் சிவப்புப் பெருக்கல் குறியோடு அந்த டிரைவ் நிற்கும், அலுவலகம் திரும்பியதும் தானாக உயிர் பெறும். இவை எதையும் தொட வேண்டியதில்லை.

டிஸ்க் மேனேஜ்மென்டின் கீழ்ப்பாதியில் எழுத்துக்குப் பக்கத்தில் நோ மீடியா என்று இருந்தால் அது கார்டு ரீடரின் காலித் துளை. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ என்ற பகுதிக்குப் போய், காலி டிரைவ்களை மறைக்கச் சொல்லும் தேர்வைக் குறியிட்டால் அவை கண்ணில் படா. மெமரி கார்டைச் செருகியதும் உரிய டிரைவ் தானே வெளிப்படும். விண்டோஸ் 7 முதல் இந்த வசதி இருக்கிறது. சிடி போன்ற படத்தோடு ஒன்று வந்திருந்தால், விண்டோஸ் 8-க்குப் பிந்தைய கணினிகளில் யாரோ ஓர் ஐஎஸ்ஓ கோப்பை (ஒரு சிடியின் முழு நகலாக உள்ள கோப்பு) இருமுறை சொடுக்கித் திறந்திருப்பார்கள். வலப்பக்கச் சொடுக்கில் எஜெக்ட் கொடுத்தால் போய்விடும். பழைய யுஎஸ்பி டேட்டா கார்டுகளும் சில கைபேசிகளும் தங்களுக்கான மென்பொருளைத் தருவதற்காகச் சிடி போல வேடமிட்டு வருவதுண்டு. அவற்றைக் கழற்றினால் அந்த டிரைவும் கூடவே போகும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஓர் ஆபத்து இருக்கிறது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பென் டிரைவையோ யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கையோ செருகினால், எக்ஸ்புளோரரின் இடப்பக்கப் பட்டியலில் அதே டிரைவ் இரண்டு இடங்களில் தெரியும்: திஸ் பிசி என்பதற்கு உள்ளே ஒரு முறையும், அதற்கு வெளியே தனியாக ஒரு முறையும். எழுத்து ஒன்றே, பெயர் ஒன்றே, உள்ளே இருக்கும் கோப்புகளும் ஒன்றே. ஆனால் இரண்டு பிரதிகள் சேர்ந்துவிட்டன என்று நினைத்து ஒன்றில் உள்ளவற்றை அழிப்பவர்கள் இருக்கிறார்கள். பென் டிரைவில் அழித்தவை ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை. எழுத்தைப் பாருங்கள், இரண்டிடத்திலும் ஒரே எழுத்து இருந்தால் அது ஒரே டிரைவ்.

இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. சிஸ்டம் ரிசர்வ்டு என்றோ ரெகவரி என்றோ பெயர் கொண்ட, அல்லது பெயரே இல்லாத, சில நூறு எம்பி அளவுள்ள சிறு டிரைவ் தோன்றுவதைப் பற்றியது அது. விண்டோஸை நிறுவும்போதே தனக்கென்று சிறு பகுதிகளை அது ஒதுக்கிக்கொள்கிறது. சிஸ்டம் ரிசர்வ்டு பகுதி விண்டோஸ் 7-இல் 100 எம்பி, விண்டோஸ் 8-இல் 350 எம்பி, விண்டோஸ் 10-இல் 500 எம்பி என்ற அளவில் இருக்கும். கணினியை இயக்கியதும் விண்டோஸைத் தேடித் தொடங்கிவைக்கும் கோப்புகள் அதில்தான் உள்ளன. புதிய வகைக் கணினிகளில் இதே பணியைச் செய்வது ஈஎஃப்ஐ என்ற பகுதி. விண்டோஸ் பழுதடைந்தால் சரிசெய்வதற்கான கருவிகள் ரெகவரி பகுதியில் இருக்கின்றன. இவற்றுக்கு எழுத்து இருக்கக் கூடாது என்பதே இயல்பான ஏற்பாடு. நம் கண்ணில் படாமல் இருப்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. ஆனால் வட்டை இன்னொரு வட்டுக்கு அப்படியே நகலெடுக்கும்போதோ, பழைய வட்டை வேறு கணினியில் இணைக்கும்போதோ அவற்றுக்கு எழுத்துக் கிடைத்துவிடுகிறது. விண்டோஸ் தரும் அப்டேட்டே இதைச் செய்ததும் உண்டு. 2018 ஏப்ரலில் வெளியான 1803 என்ற அப்டேட்டுக்குப் பிறகு பல கணினிகளில் ரெகவரி பகுதிக்கு எழுத்து வந்து, அந்த டிரைவில் இடம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை ஓயாமல் வந்துகொண்டிருந்தது. இடம் இல்லாததால் அழித்துவிடலாம் என்று எண்ணியவர்கள் தங்கள் கணினியைச் சரிசெய்யும் கருவிகளையே அழித்தார்கள்.

இதைவிடக் கடுமையான ஒன்றைச் சேலத்தில் நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமலேயே கணினியில் புதிய எஸ்எஸ்டியையும் பொருத்தி அதில் விண்டோஸை நிறுவுகிறார்கள். பழைய வட்டில் தொடக்கக் கோப்புகளுக்கான பகுதி ஏற்கெனவே இருப்பதைக் கண்டால், நிறுவும் நிரல் புதிய விண்டோஸுக்கான தொடக்கக் கோப்புகளையும் அங்கேயே வைத்துவிடுகிறது. பார்ப்பதற்கு எல்லாம் எஸ்எஸ்டியில் இருப்பதுபோல் தோன்றும். சில மாதங்கள் கழித்து, பழைய வட்டு எதற்கு என்று அதை ஃபார்மேட் செய்தாலோ கழற்றினாலோ மறுநாள் கணினி எழுந்திருக்காது. எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக வாங்கியவர்களும் உண்டு. இதைத் தடுப்பது எளிது: விண்டோஸ் நிறுவும் நேரத்தில் பழைய வட்டின் கேபிளைக் கழற்றிவைத்திருந்து, நிறுவி முடித்தபின் இணைக்க வேண்டும். ஏற்கெனவே நிறுவியாகிவிட்டது என்றால், டிஸ்க் மேனேஜ்மென்டின் கீழ்ப்பாதியில் சிஸ்டம் என்ற சொல் எந்த வட்டின் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த வட்டை, எவ்வளவு பழையதாக இருந்தாலும், தொடாதீர்கள்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் சேர்ந்தே வந்த காலம் உண்டு. லினக்ஸ் இருக்கும் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைக்கும்போது லினக்ஸ் பகுதிக்கு எழுத்து ஏதேனும் கிடைத்துவிட்டால், தனக்குப் புரியாத ஒன்றைக் காலியானது என்று கருதி ஃபார்மேட் செய்யச் சொல்வது விண்டோஸின் இயல்பு. அந்தக் கணினியில் படித்த பிள்ளைகள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய புராஜெக்ட் கோப்புகளும் படங்களும் இன்னும் அந்த வட்டுகளில்தான் இருக்கின்றன.

ஃபார்மேட் செய்ய வேண்டும் என்ற அந்தச் செய்தி பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் மரக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் மின்சாரம் போவதும் வருவதும் போவதுமாக இருக்கும். யுஎஸ்பி வட்டில் ஏதேனும் எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால், கோப்புகளின் முகவரிப் பட்டியல் பாதியில் சிதைந்துபோகலாம். மறுமுறை இணைக்கும்போது எழுத்து மட்டும் தெரியும், அளவு தெரியாது, ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் ரா என்று காட்டும். கோப்புகள் அழிந்துவிட்டன என்பது இதன் பொருள் அல்ல. பட்டியலைப் படிக்க முடியவில்லை என்பதே பொருள். இந்த நிலையில் கேன்சல் ஒன்றைத்தான் சொடுக்க வேண்டும். வேறு கேபிள், வேறு யுஎஸ்பி துளை, வேறு கணினி என்று மாற்றிப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் போதிய மின்சாரம் கிடைக்காத முன்பக்கத் துளையே காரணமாக இருக்கும். அப்படியும் வராவிட்டால் அந்த வட்டில் புதிதாக எதையும் எழுதாமல், கோப்பு மீட்பு மென்பொருளைக் கொண்டு உள்ளே இருப்பவற்றை வேறு வட்டுக்கு எடுத்த பிறகே மற்றதைப் பேச வேண்டும். வட்டிலிருந்து கடகடவென்று ஒலி வந்தால் அதையும் செய்யாமல் உடனே கழற்றிவிட வேண்டும்.

ஃபார்மேட் செய்தாலும் பிறகு மீட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வது பழைய ஹார்ட் டிஸ்க்குகளின் காலத்து நம்பிக்கை. அவற்றில் விரைவு ஃபார்மேட் செய்தால் பட்டியல் மட்டும் போகும், தகவல் தங்கியிருக்கும், மேலே வேறெதுவும் எழுதாதவரை மீட்கவும் முடியும். எஸ்எஸ்டியில் அது நடக்காது. ஃபார்மேட் செய்த உடனே விண்டோஸ் டிரிம் என்ற கட்டளையை அனுப்புகிறது. இந்த இடங்கள் இனி வேண்டாம் என்று அறிந்த எஸ்எஸ்டி, தன் போக்கில் அவற்றைத் துடைத்துவிடுகிறது. அதன்பின் எந்த மென்பொருளாலும் மீட்பது ஏறத்தாழ இயலாது. வீடுகளெல்லாம் எஸ்எஸ்டிக்கு மாறிக்கொண்டிருக்கும் இந்நாளில், பத்தாண்டுகளுக்கு முன் பழகிய அதே கையோடு ஃபார்மேட் போடுவது பெரும் இழப்பில் முடியும். கடைக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நேரம் மிச்சமாகிறது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். வரிசையில் பத்து கணினிகள் காத்திருக்கும்போது ஒவ்வொன்றாக ஆராய்வது கடினம் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் இழப்பு அவர்களுடையது அல்லவே.

எழுத்தை நீக்கும் முறைக்கு வருகிறேன். டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தப் பகுதியின் மேல் வலப்பக்கச் சொடுக்குக் கொடுத்து, டிரைவ் எழுத்தை மாற்றும் தேர்வைத் திறந்து, ரிமூவ் என்பதைச் சொடுக்கினால் எழுத்து நீங்கும். உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். மீண்டும் வேண்டுமென்றால் அதே இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதே பட்டியலில் சற்றுத் தள்ளியே ஃபார்மேட்டும், டெலிட் வால்யூமும் இருப்பதால் நிதானமாகச் செய்யுங்கள். சொடுக்குவதற்கு முன் அளவையும் பெயரையும் மறுபடி படியுங்கள். சி டிரைவுக்கும், மென்பொருள்கள் நிறுவப்பட்டுள்ள டிரைவுக்கும் எழுத்தை மாற்றக் கூடாது, ஏனெனில் அந்த எழுத்தை நம்பியே நிரல்கள் தங்கள் கோப்புகளைத் தேடுகின்றன.

ரெகவரி பகுதிக்கு இந்தத் தேர்வு பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதற்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியோடு திறந்து, மவுண்ட்வால் (mountvol) என்ற கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். எம், ஓ, யூ, என், டி, வி, ஓ, எல் என்ற எட்டு எழுத்துகளை இடைவெளி விடாமல் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, நீக்க வேண்டிய டிரைவின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் இட்டு, மீண்டும் இடைவெளி விட்டுச் சாய்கோடும் டி-யும் (/D) அடித்தால் அந்தப் பலகை கழன்றுவிடும். இந்த டி டெலிட் என்பதைக் குறித்தாலும் அது நீக்குவது எழுத்தை மட்டுமே. பார்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். இதே கட்டளையில் டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல் சாய்கோடும் ஆரும் (/R) மட்டும் கொடுத்தால், இப்போது கணினியில் இணைக்கப்படாத பழைய வட்டுகளைப் பற்றிய குறிப்புகளை ரெஜிஸ்ட்ரியிலிருந்து விண்டோஸே துடைத்துவிடும். பல ஆண்டுகளாகச் செருகிக் கழற்றிய பென் டிரைவ்களின் மிச்சத்தைப் போக்க இதுவே பாதுகாப்பான வழி. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து மவுண்டட் டிவைசஸ் பகுதியில் கையாலேயே அழிக்கச் சொல்லும் அறிவுரைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். சி டிரைவுக்கான பதிவு தவறிப்போய் அழிந்தால் விண்டோஸில் நுழைவதே சிக்கலாகிவிடும்.

ஏற்காட்டு வாசகர்களுக்காக ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அங்கே நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற ஊர்களிலிருந்து கணினியைச் சேலத்துக்குக் கொண்டுவருவது என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். எஸ்டேட் கணக்கு, மிளகு காப்பி விற்ற விவரம், கூலிப் பட்டியல் எல்லாம் அந்த ஒரே பெட்டியில் இருக்கும். சுழலும் வட்டு உள்ள பெட்டியைப் பின் இருக்கையில் சாய்த்து வைத்து அத்தனை தூரம் குலுக்கிக் கொண்டுவந்து, டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தாலே விடை தெரிந்திருக்கக்கூடிய ஒன்றுக்காக எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப எடுத்துச் செல்வதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. இறக்குவதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்டின் திரையைக் கைபேசியில் படம் எடுத்து, விவரம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பிக் கேளுங்கள். அந்த ஒரு படத்திலேயே பாதிச் சிக்கலுக்கு விடை இருக்கும்.

தங்கள் நாளிதழ் கணினிப் பக்கத்தில் டிஸ்க் மேனேஜ்மென்டின் திரையைப் படமாக அச்சிட்டு, எந்தக் கட்டம் எதைக் குறிக்கிறது என்று அம்புக்குறியிட்டு ஒருமுறை விளக்கினால், வெட்டி எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்துக்கொள்ளப் பல வீடுகள் தயாராக இருக்கும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி போன்ற கல்லூரிகளின் மாணவர்கள் விடுமுறை நாள்களில் நூலகங்களில் அமர்ந்து, மக்கள் கொண்டுவரும் மடிக்கணினிகளில் இதைக் காட்டிக்கொடுக்கலாம். அவர்களுக்கும் அது நல்ல பயிற்சி.

நான்கு ரோடு, ஐந்து ரோடு, பழைய பேருந்து நிலையம் ஆகிய பகுதிகளில் சர்வீஸ் கடை நடத்தும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஃபார்மேட் செய்வதற்கு முன், எந்த எழுத்துள்ள டிரைவை அழிக்கப் போகிறீர்கள், அதில் என்ன இருக்கிறது என்பதை வாடிக்கையாளர் முன்னிலையில் திறந்து காட்டி, பில்லில் அந்த எழுத்தைக் குறித்து, அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். டி டிரைவில் உள்ளதை வேறு வட்டில் நகலெடுத்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்க மக்கள் தயங்க மாட்டார்கள். அந்தக் கட்டணம் எவ்வளவு என்பதைக் கடையின் பலகையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.